தூண்டில் எறிய முதல்

புதிதாக வந்து தஞ்சம் கோரியிருப்போருக்கான சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம் இது. பேச்சு வழக்குச் சொற்கள் பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளன.



வழமையாக இந்தச் சந்திப்பில் நேர்காணல் பற்றி, சட்டத்தரணி பற்றி, மருத்துவச் செலவு பற்றித்தான் கதைப்போம். இண்டைக்கு மீன் பிடிக்கிறதைப் பற்றிக் கதைக்கப் போறன் எண்டவுடனை பின்னுக்கு இருக்கிற தம்பிமார் சிரிக்கினம். சிரியுங்கோ, பிழையில்லை. ஆனால் கோடை தொடங்கினால் எங்களிடம் வரும் கடிதங்களில் சிலது இந்தத் தூண்டிலால் வருகிற கடிதங்கள். அதைவிட மோசமான செய்திகளும் தண்ணீரால் வருவதுண்டு. அதனால்தான் கோடைக்கு முதலே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் நிலைமை எனக்கு விளங்குது. வந்த புதிதில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஹைமில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பத்து நிமிடம் நடந்தால் ஒரு ஏரி, அல்லது ஆறு, அல்லது கனால். கடைக்குப் போனால் பதினைந்து இருபது யூரோவுக்குத் தூண்டில் தொங்குது. அதை வாங்கும்போது யாரும் ஒரு பத்திரமும் கேட்பதில்லை. உங்களில் பலர் மயிலிட்டி, குருநகர், முல்லைத்தீவு, மன்னார் என்று கடற்கரை ஊர்களில் இருந்து வந்தவர்கள். கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கடையில் விற்கிறான், தண்ணி சும்மா கிடக்குது, அப்ப பிடிச்சால் என்ன எண்டுதான் யோசிப்பீங்கள்.

தண்ணி சும்மா கிடக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் ஆற்றிலும் ஏரியிலும் மீன் பிடிக்கும் உரிமை ஒருவருக்குச் சொந்தமான சொத்து. அது ஒரு நகரசபையாக இருக்கலாம், ஒரு கமக்காரராக இருக்கலாம், பல உரிமையாளர் சேர்ந்த சங்கமாக இருக்கலாம். நோர்ட்றைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் றைன் ஆற்றுக்கென்றே ஒரு மீன்பிடிக் கூட்டுறவு இருக்கிறது. அவர்களிடமிருந்து தூண்டில்காரர் சங்கங்கள் குத்தகைக்கு எடுக்கின்றன. குத்தகைக் காசு கட்டி, குஞ்சு மீன் வாங்கி விட்டு, கரையைத் துப்புரவாக்கி வைத்திருப்பது அந்தச் சங்க உறுப்பினர்கள். நீங்கள் போய் அதில் தூண்டில் போட்டால், அவர்கள் கண்ணில் அது இன்னொருவர் தோட்டத்தில் மாங்காய் பிடுங்கியது போலத்தான்.

எங்கடை ஆக்களுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயம் இல்லை. ஊரிலும் கரைவலைக்குப் பாடு இருக்குத்தானே. இந்தப் பாடு இன்னாருக்கு, அதற்கு அடுத்தது இன்னாருக்கு என்று கரை முழுக்கப் பிரித்திருக்கும். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் வலை வளைத்தால் சண்டை கோட்டு மட்டும் போகும். இங்கே ஒவ்வொரு ஏரியும் ஒரு பாடு என்று நினைத்துக்கொள்ளுங்கோ. போன மாதம் ஒரு ஐயா என்னிடம் கேட்டார், "ஊரிலை கடற்படையிட்டை பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போனனாங்கள், இங்கையும் பாசோ?" என்று. அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. ஆனால் இந்த அட்டை அகதிக்கென்று வைத்தது இல்லை. இங்கே பிறந்த ஜேர்மன்காரரும் இதே பரீட்சை எழுதி, இதே காசு கட்டித்தான் தூண்டில் போடுகிறார்.

அப்படியானால் என்னென்ன தேவை? இரண்டு பத்திரம். ஒன்று மாநிலம் தரும் மீன்பிடி அனுமதி. டொச்சில் பிஷரைஷைன் என்று சொல்வார்கள். மற்றது அந்தக் குறிப்பிட்ட ஏரிக்கு அல்லது ஆற்றுக்கு உரிமையாளர் தரும் அனுமதிச் சீட்டு. அதை எர்லௌப்னிஸ்ஷைன் என்றும், சாதாரணமாக அங்கல்கார்ட்ட என்றும் சொல்வார்கள். வாகன ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருந்தாலும் அடுத்தவன்ரை காரை எடுக்க அவனிட்டைக் கேக்க வேணும் அல்லவா, அது போல. ஒன்று கையில் இருந்து மற்றது இல்லாவிட்டால் போதாது.

முதலாவது பத்திரத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பரீட்சை உண்டு. ஜேர்மனியில் மீன்பிடிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நோர்ட்றைன் வெஸ்ட்பாலனில் 60 கேள்வி, அதில் 45 சரியாக இருக்க வேண்டும். அதோடு தூண்டிலைச் சரியாகப் பூட்டிக் காட்ட வேண்டும், படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்ல வேண்டும். பவேரியாவில் பரீட்சைக்கு முதல் 30 மணி நேர வகுப்பும் கட்டாயம். பிராண்டன்பூர்க் மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டிலிருந்து, மற்ற மீனைத் தின்னாத சாதுவான மீன்களைப் பரீட்சை இல்லாமலே பிடிக்கலாம். ஆனால் அதற்கும் மாநிலத்துக்கு ஒரு வரியும், அந்த ஏரிக்குரிய சீட்டும் வேண்டும். மெக்லன்பூர்க் போர்பொமேர்ன், ஷ்லெஸ்விக் ஹோல்ஷ்ரைன் ஆகிய வடமாநிலங்களில் விடுமுறைக்கு வருவோருக்கு 28 நாள் அனுமதி கொடுக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் கேட்ட கதையை வைத்து இன்னொரு மாநிலத்தில் தூண்டில் போடாதேங்கோ. "என்ரை மச்சான் பேர்லினுக்குப் பக்கத்திலை பரீட்சை இல்லாமல் பிடிக்கிறான்" என்பது டோர்ட்முண்டில் செல்லாது.

தஞ்சம் கோரியவருக்கு இந்தப் பத்திரம் தருவார்களா என்று கேட்கிறார்கள். உங்களிடம் இருக்கும் அகதி விண்ணப்ப அட்டையோடு, நீங்கள் பதிந்திருக்கும் ஊரின் நகரசபையில் கேளுங்கள். கேட்பதால் உங்கள் வழக்குக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று மாதமும், முதல் வரவேற்பு முகாமில் தங்கியிருக்க வேண்டிய கடமை இருக்கும் காலமும், உங்களுக்கு ஒதுக்கிய பகுதியை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. சில வேளை ஏரி பத்து நிமிடத்தில் இருக்கும், ஆனால் அடுத்த மாவட்டமாக இருக்கும். உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

இனி, பத்திரம் இல்லாமல் பிடித்தால் என்ன நடக்கும்? இது பார்க்கிங் தண்டம் போல ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஜேர்மன் குற்றவியல் சட்டம் 293 ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம். சாதாரணமாகச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள், தண்டத்தோடு முடியும். ஆனாலும் அது குற்றத் தண்டனைதான். மீன் அகப்பட வேண்டும் என்றும் இல்லை. தூண்டிலைத் தண்ணிக்குள் எறிந்தாலே காணும். "நான் ஒண்டும் பிடிக்கேல்லை சேர்" என்று வாளியைக் கவிழ்த்துக் காட்டிப் பிரயோசனம் இல்லை. வலை, கூடு, வெறுங்கை எல்லாம் ஒன்றுதான். நன்னீர்ச் சிப்பியும் நண்டும் இதற்குள் வரும். பல மாநிலங்களில் அனுமதி இல்லாத தண்ணிக்குப் பக்கத்தில் பூட்டிய தூண்டிலோடு திரிவதே பிழை. தூண்டிலையும் பறிமுதல் செய்யலாம்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்லுறன். ஊர் பேர் வேண்டாம். பின்னேரம் ஒரு ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கரையில் நாயோடு நடந்து போன யாரோ தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். பொலிஸ் வந்தது. பெயர் எழுதினார்கள், தூண்டிலைக் கொண்டு போனார்கள். அவ்வளவுதான், முடிஞ்சுது என்று இவர் நினைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மஞ்சள் உறையில் ஒரு கடிதம். அதையும் மற்றக் கடிதங்களோடு பைக்குள் வைத்துவிட்டார். எங்களிடம் கொண்டு வந்தபோது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்துக்கு ஸ்ராஃப்பெஃபேல் என்று பெயர். விசாரணை இல்லாமல், உங்களைக் கூப்பிடாமல், நீதிபதி எழுத்தில் தரும் தண்டனை. கடிதம் தபால்பெட்டியில் போடப்பட்ட நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் மறுப்பு எழுதலாம். எழுதாவிட்டால் அது தீர்ப்புப் போல நிலைத்துவிடும். போட்ட தேதியைத் தபால்காரர் உறையில் எழுதிவிட்டுப் போவார். அதனால் உறையை எறியக்கூடாது, உறைதான் சாட்சி. உங்கள் மேல் பிழை இல்லாத ஒரு காரணத்தால் தவணை தப்பிப் போயிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்க வழி உண்டு. அதற்குக் கிடைப்பது ஒரு கிழமைதான். பைக்குள் வைத்து மறந்தது காரணமாகாது.

அவருக்குக் கிடைத்தது 40 நாள்தொகை. நாள்தொகை என்றால் உங்கள் ஒரு நாள் வருமானத்தைப் பார்த்து நீதிமன்றம் போடும் தொகை. இவருக்கு ஒரு நாளுக்கு 10 யூரோ, மொத்தம் 400. காசைத் தவணையில் கட்டலாம், சில இடங்களில் பொதுவேலை செய்தும் கழிக்கலாம். சோதனை காசில் இல்லை. அதற்கு முதல் றெயினில் ரிக்கற் இல்லாமல் போய் 20 நாள்தொகை வாங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்து 60.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? ஒரு சின்னத் தண்டத்தால் உங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படாது, பயப்பட வேண்டாம். விண்ணப்பம் அதற்குரிய காரணங்களை வைத்துத்தான் தீர்க்கப்படும். ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு, தொழிற்பயிற்சி செய்துகொண்டு இங்கே தங்குவதற்குச் சட்டம் தரும் சில வழிகள் இருக்கின்றன. அவற்றில் வேண்டுமென்று செய்த குற்றத்துக்கான தண்டனை இருக்கக்கூடாது. மொத்தம் 50 நாள்தொகை வரை என்றால் பொதுவாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மொத்தம் என்பதைக் கவனியுங்கோ. தனித்தனியாக இல்லை, கூட்டித்தான் பார்ப்பார்கள். பிரஜாவுரிமைக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு, அங்கே 90. அந்தத் தம்பிக்கு ஒரு வெதுப்பகத்தில் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. இப்ப சட்டத்தரணி ஒருவர் அவருடைய விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மீன்கூட அகப்படாத ஒரு பின்னேரம்.

யாராவது உங்களைப் பிடித்தால் ஓடாதேங்கோ. தூண்டிலைத் தண்ணிக்குள் எறியாதேங்கோ. மீன்பிடிக் காவலர் என்று ஒருவர் அட்டை காட்டுவார். அவருக்குப் பத்திரம், தூண்டில், பிடித்த மீன் எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் உண்டு. பெயர், பிறந்த தேதி, விலாசம் சரியாகச் சொல்ல வேண்டும். பொய்ப் பெயர் சொன்னால் அது இன்னொரு வழக்கு. குற்றம் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. காசைக் கையில் கொடுத்துச் சமாளிக்க மட்டும் நினையாதேங்கோ, அது இங்கே பெரிய குற்றம்.

பத்திரம் எடுத்த பிறகும் சில விஷயம் இருக்கு. ஊரில் பிடித்த மீனை வள்ளத்துக்குள் போட்டால் அது துடிச்சுத் துடிச்சுத் தானாகச் சாகும். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே அது விலங்கு வதை. காரணமில்லாமல் ஒரு விலங்குக்கு நோவோ துன்பமோ கொடுக்கக்கூடாது என்பது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாவது பிரிவு. 2002 இல் விலங்குகளைக் காப்பது நாட்டின் கடமை என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். மீனைக் கொல்வதானால் முதலில் தலையில் தடியால் அடித்து மயக்க வேண்டும், பிறகு உடனே கத்தியால் நெஞ்சில் அல்லது பூவில் வெட்ட வேண்டும். உயிர் மீனைக் கொழுவி இரை போடுவது தடை. படம் எடுத்து முகப்புத்தகத்தில் போட மட்டும் பிடித்துவிட்டு விடுவதும் சரியில்லை. சாப்பிடுவதற்கு என்றால்தான் அது நியாயமான காரணம்.

சின்ன மீனும், முட்டையிடும் காலத்து மீனும் வேறு கதை. அவற்றைக் கையை நனைத்துக்கொண்டு மெதுவாகக் கழற்றி உடனே திரும்ப விட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் குறைந்த நீளமும், பிடிக்கக்கூடாத மாதங்களும் உண்டு. ஹெஷ்ட் என்று ஒரு மீன், நீண்ட வாய், கூரான பல், பார்த்தால் எங்கடை சீலாவுக்குத் தம்பி போல இருக்கும். அதை நோர்ட்றைன் வெஸ்ட்பாலனில் பெப்ரவரி 15 முதல் ஏப்ரல் 30 வரை பிடிக்கக்கூடாது, மற்ற நாட்களிலும் 45 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை எடுக்கக்கூடாது. சில சங்கங்கள் மாநிலச் சட்டத்தைவிட இறுக்கமாக வைத்திருக்கும். அது உங்கள் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். றைன் ஆற்று விலாங்கை உடம்பில் சேர்ந்திருக்கும் நச்சுப்பொருள் காரணமாகச் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநில அதிகாரிகளே சொல்கிறார்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

கரையில் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. நாணல் புதருக்குள் இறங்கக்கூடாது, அங்கே பறவை கூடு கட்டும். அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அது வாத்தின் காலில் சுற்றும். நெருப்பு மூட்டி அங்கேயே பொரிக்கிற எண்ணம் வேண்டாம். ஒருவரைக் கண்டால் "பெட்ரி ஹைல்" என்று சொல்லுங்கள். பெட்ரி என்பது பேதுரு, எங்கள் கத்தோலிக்க ஆக்களுக்கு இராயப்பர். அவர் மீனவர்தானே. உங்களுக்கு நல்ல மீன் படட்டும் என்று அர்த்தம். பிடித்தவர் "பெட்ரி டாங்க்" என்று நன்றி சொல்வார். இந்த இரண்டு சொல்லால் கதை தொடங்கிய ஆக்களை எனக்குத் தெரியும்.

இனி தண்ணீர். சட்டத்தைவிட இதுதான் எனக்குப் பயம்.

ஜேர்மனியில் 2024 இல் குறைந்தது 411 பேர் தண்ணியில் மூழ்கி இறந்தார்கள் என்று உயிர்காப்புச் சங்கம் டே எல் எர் கே கணக்குச் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் கடலில் இல்லை, ஆற்றிலும் ஏரியிலும். பெரும்பாலானவர்கள் ஆண்கள். "நான் முல்லைத்தீவுக் கடலிலை நீந்தினவன்" என்று சொல்லும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லுறன். உப்புத் தண்ணி உங்களைத் தூக்கும். நன்னீர் அந்தளவுக்குத் தூக்காது. எங்கள் கடல் வெதுவெதுப்பானது. இங்கே மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஏரியில் மேல் தண்ணி கொஞ்சம் சூடாக இருக்கும், இடுப்புக்குக் கீழே பனிக்கட்டி போலக் குளிரும். வெயிலில் நின்ற உடம்போடு குதித்தால் மூச்சு இழுத்துப் பிடிக்கும். அந்த நேரம் வாய்க்குள் தண்ணி போனால் அவ்வளவுதான். பிறகு சில நிமிடத்தில் கையும் காலும் சொன்னது கேளாது. நீச்சல் தெரிந்தவன் கரையிலிருந்து பத்து மீற்றரில் தாழுவது இப்படித்தான். கத்திக் கூப்பிடவும் மாட்டான், மூச்சு இருந்தால்தானே கத்துறது.

மண் தோண்டி எடுத்த குழியில் தண்ணி நிரம்பிய ஏரிகள் இங்கே நிறைய. பக்கர்சே என்று சொல்வார்கள். கரையிலிருந்து இரண்டு அடி முழங்கால் ஆழம், மூன்றாவது அடியில் தரை இல்லை. கரையும் சரியும்.

றைன் ஆறு பார்க்க அமைதியாக இருக்கும். நீரோட்டம் ஒரு செக்கனுக்கு ஒன்று இரண்டு மீற்றர், நீச்சல் வீரரும் எதிர்த்து நீந்த முடியாது. சரக்குக் கப்பல் போகும்போது கரைத் தண்ணியை முதலில் உள்ளே இழுக்கும், பிறகு அலையாகத் திருப்பி அடிக்கும். கடற்கரை மணல் போல இருக்கும் இடத்தில் பிள்ளை கணுக்கால் அளவில் விளையாடிக்கொண்டிருக்கும், அந்த இழுப்பில் கால் வாரிவிடும். ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் கல் அணைகளுக்குப் பின்னால் சுழி இருக்கும். உயிரிழப்புகளுக்குப் பிறகு 2025 ஓகஸ்டில் டுசல்டோர்ஃப் நகரம் தன் எல்லைக்குள் றைனில் குளிப்பதையே தடை செய்தது.

கனால் ஓட்டம் இல்லாத தண்ணி, அதனால் பயமில்லை என்று நினைப்பீங்கள். பல இடங்களில் அதன் கரை நேராக நிற்கும் இரும்புச் சுவர். விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. இடைக்கிடை ஏணி வைத்திருப்பார்கள், அது எங்கே இருக்கு என்று உட்கார முதலே பார்த்து வையுங்கள். பாலம், துறைமுகம், கப்பல் ஏற்றி இறக்கும் நீர்க்கதவு, இவற்றுக்குக் கிட்டக் குளிப்பது தடை. பாலத்திலிருந்து குதிப்பதும் தடை.

வள்ளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுறன், ஏனென்றால் உங்களில் அதிகம் பேர் இப்போதைக்கு வாங்கப் போறதில்லை. 15 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் என்றால் ஓட்டும் பத்திரம் வேண்டும். றைனில் 5 குதிரைவலுவுக்கு மேல் என்றாலே வேண்டும். இரத்தத்தில் மதுவின் எல்லை 0.5, அதற்கு மேல் வள்ளம் ஓட்டக்கூடாது. கடையில் விற்கும் காற்றடிக்கும் ரப்பர் வள்ளம் குளிக்கும் ஏரியின் கரையோரத்துக்கு மட்டும், அதை றைனுக்குக் கொண்டு போகாதேங்கோ. சரக்குக் கப்பல் ஓட்டுபவருக்குத் தன் மூக்குக்கு முன்னால் சில நூறு மீற்றர் தெரியாது, நிறுத்தவும் முடியாது. உயிர்காப்பு அங்கி வாங்கும்போது உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்றால் அது நீந்த உதவி மட்டும், மயங்கியவரை மல்லாக்கப் புரட்டாது. 150 என்றால் பெரும்பாலும் புரட்டும். ஊரில் அங்கி போட்டு வள்ளம் ஏறினால் பகிடி பண்ணுவார்கள். இங்கே போடாதவனைத்தான் பார்ப்பார்கள்.

ஒருவர் தாழுவதைக் கண்டால் உடனே பின்னால் குதிக்காதேங்கோ. இரண்டு பேராகத் தாழுவது அப்படித்தான். 112 க்கு அடியுங்கள். அது இலவசம், வதிவிட அனுமதி கேட்கமாட்டார்கள். கப்பல் போகும் ஆற்றிலும் கனாலிலும் கரையில் கிலோமீற்றர் எண் எழுதிய பலகை நிற்கும். அந்த எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள், டொச் தெரியாவிட்டாலும் எண்ணைச் சொல்லலாம்தானே. பிறகு மிதக்கிற எதையாவது எறியுங்கள், பந்து, வெறும் போத்தல், சிவப்பு வளையம் இருந்தால் அது. கரையில் படுத்துக்கொண்டு தடியை அல்லது சாரத்தை நீட்டுங்கள்.

இந்த நாட்டு ஆக்களும் ஒரு காலத்தில் நீந்தத் தெரியாதவர்கள்தான். 1912 இல் றூகன் தீவில் பின்ஸ் என்ற ஊரில் கடற்பாலம் உடைந்து விழுந்து பலர் இறந்தார்கள். காப்பாற்றத் தெரிந்தவர் போதவில்லை. அடுத்த வருடமே உயிர்காப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் ஊருக்கு ஊர் நீச்சல் வகுப்பு நடத்துகிறார்கள். பெற்றோருக்கு ஒரு விஷயம்: பிள்ளை கடற்குதிரைச் சின்னம் வாங்கிவிட்டது என்றால் 25 மீற்றர் நீந்தும் என்றுதான் அர்த்தம். வெண்கலச் சின்னம் வாங்கும் வரை தனியே விடாதேங்கோ. பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கும் நகரசபை நீச்சல் குளங்கள் உண்டு, அக்காமார் கேட்டுப் பாருங்கள்.

குளிர்காலத்தில் ஏரி உறைந்திருக்கும்போது அதன் மேல் நடப்பது பற்றியும் சொல்ல இருந்தேன். அதை நவம்பர் சந்திப்பில் கதைப்போம்.

உரை முடிந்து கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டை இங்கே தருகிறேன். ஒரு தம்பி கேட்டார்: சிநேகிதனிடம் இரண்டு பத்திரமும் இருக்கு, அவன் தேநீர் குடிக்கப் போகும்போது தூண்டிலை நான் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்க்கலாம், கதைக்கலாம். தூண்டில் உங்கள் கையில் இருந்து அவர் அங்கே இல்லாவிட்டால், பிடிப்பது நீங்கள்தான்.

ஒரு அம்மா கேட்டார்: ஹம் நகர் காமாட்சி அம்பாள் கோயில் தீர்த்தத்துக்கு டற்றல்ன் ஹம் கனாலில்தானே இறங்குகிறார்கள், அப்ப நாங்களும் அங்கே இறங்கிக் குளிக்கலாமா? திருவிழா அன்று அது கோயில் ஒழுங்கு செய்து, ஆக்கள் பார்த்துக்கொண்டு நிற்க நடக்கும் நிகழ்வு, அம்மா. மற்ற நாளில் பிள்ளைகளோடு போனால் ஏணி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாலத்துக்குக் கிட்டப் போகாதேங்கோ. சின்னவனின் கையை விடாதேங்கோ.

மஞ்சள் உறை வந்தவர்கள் அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்க வேண்டாம். உறையோடு அன்றைக்கே கொண்டு வாருங்கள்.